கோபால் எடுத்துப் போகாத லாந்தர்

கொசஸ்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும் சேருகிற இடத்துக்குச் சற்று வடக்கே, மணல்மேட்டின் மேல் முப்பது வீடுகள் கொண்ட மீனவக் குப்பம் ஒன்று இருந்தது. செங்கம்மாள் அங்கேதான் பிறந்தாள். அங்கேயே கல்யாணமும் ஆயிற்று. புருஷன் தேசப்பன் பழவேற்காட்டு ஏரியின் வடகரைக்காரன், தாய் தகப்பன் இல்லாதவன். 1965-ல் தாலி கட்டிய கையோடு மாமியார் கோவிந்தம்மாவின் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு குடிசை போட்டுக்கொண்டான். போட்டானே தவிர, அதில் அவன் தங்கியது வாரத்துக்கு ஒரு ராத்திரிதான்.

அந்த வருஷங்களில் இறாலுக்குத் திடீரென்று மவுசு வந்திருந்தது. அதுவரை கருவாடாகக் காய்ந்துகொண்டிருந்த இறால் ஐஸ் பெட்டியில் படுத்துக் கப்பலேறத் தொடங்கிற்று. ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களில் சாயங்காலம் வாங்கியதை விடிவதற்குள் எண்ணூரில் லாரிக்கு ஏற்றிவிட வேண்டும். தாமதித்தால் தலை கறுத்துவிடும், கறுத்ததை யாரும் தொடமாட்டார்கள். இதற்காக ஒரு கம்பெனி மோட்டார் லாஞ்சு ஒன்றைக் கொண்டுவந்து ஆற்றில் விட்டது. தேசப்பன் அதன் டிரைவர். வாரத்தில் ஆறு ராத்திரி தண்ணீரில் இருப்பான். பகலில் எண்ணூர் ஐஸ் கொட்டகையில் ஒரு மூலையில் தூங்குவான். சனிக்கிழமை ராத்திரி மட்டும் வீடு.

சனிக்கிழமை பொழுது சாய்ந்தால் செங்கம்மாளுக்குக் கை ஓடாது. குழம்பைக் கூட்டி அடுப்பில் வைத்துவிட்டு மணல்மேட்டில் போய் நிற்பாள். ஆற்றில் இஞ்சின் வைத்தவை அப்போது மூன்றோ நாலோதான். எது யாருடையது என்று சத்தத்திலேயே அவளுக்குத் தெரியும். தேசப்பனுடையது தெற்கே வெகுதூரத்தில் முதலில் ஒரு முணுமுணுப்பாகக் கேட்கும். பிறகு காற்றில் கொஞ்ச நேரம் காணாமல் போகும். அந்தக் கொஞ்ச நேரம் அவள் மூச்சுவிடாமல் நிற்பாள். மறுபடி கேட்டதும் ஓடிப்போய்த் தம்பியை எழுப்புவாள்.

"கோபாலு, மாமா வர்றாரு. எழுந்துரு."

தம்பி கோபால் அவளைவிட இரண்டு வயது இளையவன். பகலெல்லாம் வலை இழுத்த களைப்பு இருந்தாலும் முகம் சுளிக்காமல் எழுந்து போவான். ஆற்றில் மணல் திட்டு இருந்ததால் லாஞ்சு குப்பம் வரை வராது. ஆறும் கால்வாயும் சேருமிடத்தில், குப்பத்தார் கூட்டுமுனை என்று சொல்லும் இடத்தில், வேகத்தைக் குறைத்து ரப்பர் ஹாரனை இரண்டு தரம் அமுக்குவான் தேசப்பன். லாஞ்சுக்கு அங்கேயே நங்கூரம் போட்டதும், தோணியில் காத்திருக்கிற கோபால் அவனை ஏற்றிக்கொண்டு வருவான். இரண்டு பேரும் இருட்டில் எதையோ பேசிச் சிரித்துக்கொண்டு வருவது கரையில் நிற்கிறவளுக்குக் கேட்கும்.

கூட்டுமுனை எந்நேரமும் நெரிசலான இடம். ஆந்திரப் பக்கத்திலிருந்து சவுக்குக் கட்டைகளும் கிளிஞ்சலும் ஏற்றிய பெரிய தோணிகள் கால்வாய் வழியாக மதராசுக்குப் போகும். காற்றிருந்தால் பாய் விரிப்பார்கள், இல்லாவிட்டால் கழி ஊன்றுவார்கள், அதுவும் முடியாவிட்டால் கரையில் இறங்கிக் கயிறு கட்டி இழுப்பார்கள். உப்புத் தோணிகள் ஒரு பக்கம், வலைக்காரர்கள் ஒரு பக்கம். ராத்திரியில் பெரிய தோணிகள் கம்பத்தில் ஒரு லாந்தரைத் தொங்கவிடும். திருப்பத்தில் ஆள் நின்று குரல் கொடுப்பான். சின்னத் தோணிக்காரர்கள் இதையெல்லாம் பெரிதாக நினைக்கமாட்டார்கள். கூப்பிடு தூரத்துக்குப் போக லாந்தர் எதற்கு? சீமெண்ணெய் கிடைப்பதே பாடாக இருந்த காலம்.

கல்யாணமான மறுவருஷம் ஒரு பகலில் தேசப்பன் அவளை லாஞ்சில் ஏற்றிக்கொண்டு எண்ணூர் வரை போனான். அவள் அதுவரை இஞ்சின் வைத்த எதிலும் ஏறியதில்லை. மூக்கைத் தூக்கிக்கொண்டு லாஞ்சு கிளம்பியதும் தண்ணீர் இரண்டு பக்கமும் பிளந்து விழுந்தது.

"பயமா கீதா?" என்று கேட்டான்.

"இல்ல. இன்னும் வேகமா போவுமா?"

அவன் சிரித்துக்கொண்டே போகவிட்டான். கரையோரமாக உப்பு ஏற்றி வந்த தோணி ஒன்று லாஞ்சு கிளப்பிய அலையில் ஆடி, பக்கவாட்டில் தண்ணீர் குடித்தது. தோணிக்கார முனுசாமி, அறுபது வயசிருக்கும், கழியை ஊன்றிச் சமாளித்துக்கொண்டு கத்தினான்.

"ஆறு உங்கப்பன் ஊட்டு ஆறா? உப்பு நனையுதுடா. உனுக்குப் பின்னாடி வர்றவனும் மனுசன்தான்."

தேசப்பன் கையை ஆட்டிவிட்டுப் போனான். செங்கம்மாள் திரும்பிப் பார்த்தாள். முனுசாமி நனைந்த உப்பைக் கையால் தள்ளிக்கொண்டிருந்தான். அவளுக்கு அப்போது வெட்கமாக இல்லை. பெருமையாகத்தான் இருந்தது.

1967 ஐப்பசியில் மகள் பிறந்தாள். கங்கம்மா என்று பெயர் வைத்தார்கள். குழந்தை வந்த பிறகு சனிக்கிழமைக்காகக் காத்திருப்பது இன்னும் கடினமாயிற்று. குழந்தை குப்புற விழுந்ததும், பல் முளைத்ததும், தவழ்ந்ததும் திங்களிலோ புதனிலோதான் நடந்தன. வந்து கேட்பவனுக்கு அவள் சொல்லிக் காட்டுவாள். அவன் தூங்கும் குழந்தையைப் பார்த்துக்கொண்டே கேட்பான். விடிந்தால் கிளம்பிவிடுவான்.

"ஒரு நாளு கூட இருந்துட்டுப் போனா இன்னா?"

"லாஞ்சு நின்னா சரக்கு நிக்கும். குப்புராஜ் உடமாட்டான்."

குப்புராஜ் கம்பெனியின் ஏஜெண்டு. சீக்கிரம் வந்து சேர்கிற டிரைவரை எல்லார் முன்னாலும் தட்டிக்கொடுப்பான், கையில் தனியாக ஏதாவது வைப்பான். தாமதமாக வந்தவனிடம் ஒரு வாரம் பேசமாட்டான்.

அடுத்த வருஷம் கார்த்திகையில், ஒரு செவ்வாய்க்கிழமை, குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. மத்தியானத்துக்குள் உடம்பு அனலாகிவிட்டது. கோவிந்தம்மா கஷாயம் கொடுத்துப் பார்த்தாள். ஒரு பிடி சோறு இறங்கவில்லை. தெற்கே போகிற கிளிஞ்சல் தோணி ஒன்றில் செங்கம்மாள் சொல்லி அனுப்பினாள்: குழந்தைக்கு உடம்பு ரொம்ப மோசம், இன்றைக்கே வரச்சொல்லுங்கள். 'ரொம்ப' என்ற வார்த்தையை அவள்தான் சேர்த்தாள். காய்ச்சல் அவளைப் பயமுறுத்தியது உண்மை. அவனைப் பார்க்க வேண்டும்போல் இருந்ததும் உண்மை. எது எவ்வளவு என்று பிற்பாடு பல வருஷம் யோசித்தும் அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அமாவாசைக்கு முந்தின ராத்திரி அது. குழந்தை இருட்டைக் கண்டு வீறிட்டது. செங்கம்மாள் வீட்டு விளக்கின் சிம்னி அன்று காலையில்தான் உடைந்திருந்தது. அம்மா வீட்டு லாந்தரைக் கோபால் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றான்.

"மாமா வந்தா கூட்டுமுனையில இட்டுனு வர ஆள் வேணுமே. நான் போய் நிக்கறேன் யக்கா."

"லாந்தர வெச்சிட்டுப் போ கோபாலு. கொழந்த மூஞ்சியே தெரியல. மூச்சு எப்படி விடுதுன்னு பாக்கணும்."

அவன் ஒரு நிமிஷம் கையிலிருந்த விளக்கைப் பார்த்தான்.

"இந்தா புடி. கண்ண மூடிக்கினு போனாக்கூட அந்த எடத்துக்கு நான் போயிடுவேன்."

லாந்தரைக் குடிசைக் கம்பத்தில் மாட்டிவிட்டு, குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கழியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான்.

செய்தி தேசப்பனுக்குப் பொழுது போனபின்தான் கிடைத்தது. காலி லாஞ்சை எடுத்துக்கொண்டு கிளம்பினான். சரக்கில்லாத லாஞ்சு இரண்டு மடங்கு ஓடும். மூக்கு மேலே தூக்கிக்கொள்வதால் முன்னால் கீழே இருப்பது டிரைவருக்குத் தெரியாது. அதன் கம்பத்திலும் ஒரு லாந்தர் இருந்தது. தூரத்தில் இருப்பவர்கள் லாஞ்சைப் பார்க்க அது உதவும், லாஞ்சில் இருப்பவனுக்கு அது எதையும் காட்டாது. செவ்வாய்க்கிழமையில் கோபால் வந்து நிற்பான் என்று தேசப்பன் நினைக்கவில்லை. கூட்டுமுனையைத் தாண்டி, பழைய படித்துறையில் லாஞ்சை ஏற்றிவிட்டு மணலில் ஓடிப்போய்விடலாம் என்பது அவன் கணக்கு. கோபாலோ, மாமா எப்போதும்போல் திருப்பத்தில் வேகம் தணிப்பார், ஹாரன் அடிப்பார் என்று நடு ஆற்றில் தோணியை நிறுத்திக்கொண்டு நின்றான்.

செங்கம்மாள் சத்தத்தைக் கேட்டாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். இதற்கு முன் அந்த இஞ்சின் அவ்வளவு வேகமாக ஓடி அவள் கேட்டதில்லை. தனக்காகத்தான் இப்படி வருகிறான் என்று அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்தது. திருப்பத்தில் தணியவில்லை. பிறகு சட்டென்று நின்றது.

நிற்கக் கூடாத இடத்தில் நின்றது என்பது அவளுக்கு உடனே தெரிந்தது. ஆற்றில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. அவள் பெயர் இல்லை. "கோபாலு, கோபாலு" என்று ஒரே குரல், திரும்பத் திரும்ப.

கரையோரம் தோணியைக் கட்டிவிட்டுச் சோறு பொங்கிக்கொண்டிருந்த முனுசாமிதான் முதலில் போய்ச் சேர்ந்தான். தேசப்பன் தண்ணீரில் மூழ்கி மூழ்கி எழுந்துகொண்டிருந்தான். முனுசாமி தன் லாந்தரைத் தூக்கிப் பிடித்தான். தோணியின் பாதி மட்டும் கவிழ்ந்து மிதந்தது. குப்பமே திரண்டு தேடியும் கோபால் விடியற்காலையில்தான் கிடைத்தான், அரைமைல் கீழே, சவுக்குக் கட்டைத் தோணி ஒன்றின் நங்கூரக் கயிற்றில்.

விடிந்தபோது தேசப்பன் ஈரத்தோடு குடிசைக்கு வந்தான். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கம்பத்தில் லாந்தர் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்தான். செங்கம்மாளைப் பார்த்தான். கிட்டே போய்த் திரியை இறக்கி அணைத்துவிட்டு வெளியே போனான்.

கோவிந்தம்மா அவனைத் தன் வாசலில் நிற்கவிடவில்லை.

"என் புள்ளயப் பொணமா கொண்டாந்து போட்டுட்ட. இனிமே இங்க உனுக்கு இன்னா கீது? போ."

எடுத்து அடக்கம் செய்துவிட்டு வந்தவர்கள் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். நடு ஆற்றில் விளக்கில்லாமல் ஏன் நின்றான்? கோவிந்தம்மாவுக்கு அந்தக் கேள்வி பொறுக்கவில்லை. செத்த பிள்ளையின் மேல் தப்புச் சொல்வதாகத்தான் அது அவள் காதில் விழுந்தது.

"வெளக்கு எடுத்துக்கினுதான் போனான். நான்தானே ஏத்திக் குடுத்தேன். செங்கம்மா, உன் ஊட்டு வழியாத்தானே போனான், நீ பாத்தியா இல்லியா?"

எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். செங்கம்மாள் தலையை ஆட்டினாள். ஒரே ஒரு தடவை. அன்று ராத்திரி லாந்தரைப் பழைய வலையில் சுற்றிப் பரணின் உள்மூலையில் தள்ளிவிட்டாள்.

குழந்தையின் காய்ச்சல் மூன்றாம் நாள் தானாகவே இறங்கிற்று.

அதன்பிறகு நடந்ததைத்தான் செங்கம்மாளால் தாங்க முடியவில்லை. தண்ணீர் வடிகிற நேரம் பார்த்துக் கோவிந்தம்மா கூட்டுமுனைக்குப் போனாள். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, காலால் சேற்றைத் துழாவினாள். லாந்தர் அங்கேதான் எங்கேயோ புதைந்திருக்கிறது, கிடைத்துவிட்டால் பிள்ளையின் மேல் இருக்கிற பேச்சு போய்விடும் என்று நம்பினாள். இன்றைக்குக் கிடைக்காவிட்டால் நாளைக்கு. ஆளிச் சிப்பி குத்திக் காலெல்லாம் புண்ணாகித் திரும்பி வருகிறவளுக்கு மகள்தான் மஞ்சள் அரைத்துப் போடுவாள். சொல்லிவிடலாம் என்று வாய்வரை வரும். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் போய்விடும்.

கேஸ் பொன்னேரி கோர்ட்டுக்கு வந்தது. அதற்கு முன்தினம் தேசப்பன் குப்பத்துக்கு வெளியே, சவுக்குத் தோப்பில், அவளை வரச்சொல்லி ஆள் அனுப்பினான். ஐந்து மாதத்துக்குப் பிறகு அப்போதுதான் அவனைப் பார்க்கிறாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"மெதுவாத்தான் வந்தேன், எதுக்க தோணியில வெளக்கு இல்லன்னு சொல்லச் சொல்றான் குப்புராஜ். அப்படிச் சொன்னா உட்டுருவாங்களாம். வக்கீலும் அதான் சொல்றாரு."

அவள் தரையில் கிடந்த சவுக்குச் சருகைக் காலால் ஒதுக்கினாள்.

"வெளக்குப் பேச்ச நான் எடுக்கமாட்டேன்" என்றான். "நீ அத நெனச்சிக்கினு கெடக்காத."

"வெளக்கு தெரிஞ்சிச்சான்னு கேட்டா?"

"பாக்கிற வேகத்துல நான் வரல. அதச் சொல்லுவேன்."

அவனைத் தொட வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. கை நீளவில்லை. குழந்தை நடக்கிறாளா என்று கேட்டான். நடக்கிறாள் என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

கோர்ட்டில் அவன் சொன்னதை முனுசாமி வந்து குப்பத்தில் சொன்னான். திருப்பத்தில் ஹாரன் அடிக்கவில்லை என்று சாட்சி சொல்லத்தான் முனுசாமி போயிருந்தான். அவன் வாய் திறப்பதற்கு முன்னாலேயே தேசப்பன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். "வேகமா வந்தேன். தணிக்க வேண்டிய எடத்துல தணிக்கல. ஹாரன் அடிக்கல. ஆத்துல நான் ஒருத்தன்தான்னு நெனச்சிக்கினேன்." ஒரு வருஷம் தண்டனை.

"எங்கிட்ட ஏச்சு வாங்கினவன்தான்" என்றான் முனுசாமி. "ஆனா இப்படிச் சொல்றவன நான் பாத்ததில்ல."

கோவிந்தம்மா அதைக் கேட்டும் கேட்காததுபோல் எழுந்து போனாள்.

1970-ல் விடுதலையாகி வந்த தேசப்பன் குப்பத்துக்கு வரவில்லை. பொன்னேரியில் ஒரு ரைஸ்மில்லில் இஞ்சின் பார்க்கிற வேலைக்குச் சேர்ந்தான். மில்லுக்குப் பின்னால் ஓர் அறை. செங்கம்மாள் வாரத்துக்கு மூன்று நாள் கூடை இறால் எடுத்துக்கொண்டு பொன்னேரி மார்க்கெட்டுக்குப் போகிறவள். மில் இருக்கிற தெரு வழியாகத்தான் மார்க்கெட்டுக்குப் போக வேண்டும் என்பதில்லை. ஆனாலும் அந்த வழியாகத்தான் போனாள். சில நாள் வாசலில் தவிட்டுப் புழுதியோடு நிற்பான். அவளைப் பார்த்ததும் தோளில் கிடக்கிற துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொள்வான். அவள் நடையைத் தளர்த்துவாள், நிற்கமாட்டாள். கூட வருகிற பெண்கள் முன்னால் போய்விட்டிருப்பார்கள். அவர்களில் லட்சுமியம்மாள் என்பவள் மட்டும் பின்தங்கி, அவன் கொடுக்கிற பிஸ்கட் பொட்டலத்தை வாங்கி வருவாள்.

"கொழந்தைக்காம்" என்று கூடையில் போடுவாள்.

ஒருதரம் பொட்டலத்தோடு ஒரு பச்சைக் கண்ணாடி வளையல் இருந்தது. குழந்தை கைக்குப் பெரிது. செங்கம்மாளின் கைக்குச் சரியாக இருந்தது. அதைக் குப்பத்தில் போட்டுக்கொள்ள முடியாது. பொன்னேரிக்குப் போகிற நாளில் பஸ்ஸில் ஏறியதும் போட்டுக்கொள்வாள், திரும்புகையில் கழற்றி முந்தானையில் முடிந்துகொள்வாள். ஒரே பஸ் தூரத்தில் புருஷன் இருந்தான். கூப்பிட்டால் வருவான், போனால் வாங்கிக்கொள்வான். நடுவில் அம்மா தண்ணீரில் இறங்கித் துழாவிக்கொண்டிருந்தாள். அதைக் கடந்து போக அவளுக்குக் காலெழவில்லை. நடு ராத்திரியில் விழித்துப் பார்த்து, பக்கத்தில் தூங்குகிற மகளின் நெற்றியை, அவன் நெற்றி அது, தடவிக்கொண்டே கிடப்பாள். தம்பியை நினைத்தால் புருஷன் வருவான், புருஷனை நினைத்தால் தம்பி வருவான். ஒருத்தனுக்காக மட்டும் அழ அவளுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

1973 மாசியில் கம்பெனியின் வேறொரு லாஞ்சு அந்தி நேரத்தில் கூட்டுமுனையில் ஒரு தோணியைத் தட்டிக் கவிழ்த்தது. அதிலிருந்த இரண்டு பெண்கள் நீந்திப் பிழைத்தார்கள். குப்பத்தில் கூட்டம் போட்டார்கள். குப்புராஜையும் வரவழைத்தார்கள். அவன் உட்கார்ந்தபடியே பேசினான்.

"எல்லாத்துக்கும் லாஞ்சுக்காரன்தான் பொறுப்புன்னா எப்படி? கோபால் கேஸ்லயும் அதே பேஜாருதான். நடு ஆத்துல வெளக்கு இல்லாம நின்னா யாரு இன்னா பண்ணுவான்?"

கோவிந்தம்மா கூட்டத்துக்கு நடுவில் வந்துவிட்டாள்.

"வாய அலம்பிட்டுப் பேசு. என் புள்ள வெளக்கு எடுத்துக்கினுதான் போனான். என் பொண்ணு கண்ணால பாத்தா. அதோ நிக்கிறா, கேளு."

எல்லாத் தலையும் திரும்பியது. செங்கம்மாள் அங்கிருந்து நடந்து வீட்டுக்குப் போனாள். பரணில் ஏறினாள். வலையைப் பிரித்து லாந்தரை எடுத்து வந்து கூட்டத்தின் நடுவில், மணலில் வைத்தாள். நாலு வருஷத்துத் தூசியும் துருவும் அதில் இருந்தன.

"இது என் ஊட்டுலதான் இருந்துச்சி" என்றாள். "கொழந்தைக்குக் காய்ச்சல்னு நான்தான் கேட்டு வாங்கி வெச்சிக்கினேன். தம்பி எடுத்துக்கினுதான் வந்தான், நான்தான் உடல. அவரு வேகமா வந்தாரு. நான் வெளக்க வாங்கிக்கினேன். ரெண்டும் சேந்துதான் அவன் போனான். அவரு தன்னுதச் சொல்லிட்டு ஜெயிலுக்குப் போனாரு. நான் என்னுதச் சொல்லாம ஊட்டுல உக்காந்துனு இருந்தேன்."

பிறகு குப்புராஜின் பக்கம் திரும்பினாள்.

"இப்ப நீ உன்னுதச் சொல்லு. சீக்கிரம் வந்தவனுக்குத் தனியா டப்பு குடுத்தது யாரு?"

குப்புராஜ் எழுந்துகொண்டான். ஆனால் கூட்டம் அவனை விடவில்லை. பொழுது சாயும் வரை பேசி, திருப்பத்தில் லாஞ்சுகள் தணிய வேண்டும், ஹாரன் அடிக்க வேண்டும், பொழுது போனபின் எந்தத் தோணியும் விளக்கில்லாமல் ஆற்றில் இறங்கக் கூடாது என்று எழுதி அவனிடமும் கையெழுத்து வாங்கினார்கள். அது சில மாதம் நடந்தது, பிறகு தளர்ந்தது. முனுசாமி போன்றவர்கள் சத்தம் போட்டதும் மறுபடி நடந்தது.

கோவிந்தம்மா மறுநாள் தண்ணீரில் இறங்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மகளிடம் ஒரு வார்த்தை பேசவும் இல்லை. சோற்றைப் போட்டு வைத்தால் சாப்பிடுவாள், கங்கம்மாவைக் கூப்பிட்டு மடியில் படுக்கவைத்துக்கொள்வாள். செங்கம்மாள் எதிரே வந்தால் கண் வேறு பக்கம் போகும். ஆடி வந்து, ஆவணி வந்தது. ஒரு மத்தியானம் வலையைப் பிரித்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்.

"அவனுக்குத் தெரியுமா?"

யாரைச் சொல்கிறாள் என்று செங்கம்மாள் கேட்கவில்லை.

"தெரியும். அன்னிக்கி விடிகாலையிலயே பாத்தாரு."

"கோர்ட்டுல சொல்லலியே."

"சொல்லல."

கோவிந்தம்மா வலைச் சிக்கு ஒன்றைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். பிறகு சொன்னாள்:

"நான் நாலு வருசம் சேத்துல மெதிச்சேன். நீ பாத்துக்கினே இருந்த. அத மறக்கச் சொல்லாத. ஆனா அவன் தனியா கெடக்கறது போதும். புள்ளய இட்டுனு போ."

பொன்னேரிக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மில் ஓடிக்கொண்டிருந்தது. தேசப்பன் வெளியே வந்து, ஆறு வயசு மகளையும் மூட்டையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அத்த சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

அவன் குனிந்து மகளிடம் பெயர் கேட்டான், தெரியாதவன்போல. "கங்கம்மா" என்றாள் அவள். "நீதான் பிஸ்கட் நைனாவா?"

அந்த ஒற்றை அறையில் குடும்பம் தொடங்கிற்று. சுற்றிலும் நெல்வயல், வாசலில் தவிட்டு வாசனை. தினமும் புருஷன் பக்கத்தில் இருந்தான், காலையில் நாஷ்டா கொடுத்தால் சாப்பிட்டான், ராத்திரி ஒன்பதுக்கு வந்து படுத்தான். கேட்டதெல்லாம் கிடைத்தது. இருந்தும் சனிக்கிழமை ராத்திரிகளில் தோணியில் சிரித்துக்கொண்டு வந்தவன் திரும்பிக் கிடைக்கவில்லை. அந்தச் சிரிப்புக்கு இன்னொரு ஆள் வேண்டியிருந்தது, அவன் இல்லை. தேசப்பன் மெதுவாகப் பேசுகிறவனாக, மெதுவாகச் சாப்பிடுகிறவனாக ஆகியிருந்தான். சைக்கிளில் போனால்கூட முக்குக்கு முக்கு இறங்கித் தள்ளிக்கொண்டு போவான். செங்கம்மாளுக்குச் சில சமயம் உப்புக்காற்றுக்கு மூக்கு ஏங்கும். மார்க்கெட்டில் குப்பத்துப் பெண்கள் வந்தால் அவர்கள் கூடையில் முகத்தை வைத்து மோந்துவிட்டுப் போவாள்.

1976 கார்த்திகையில் ஒருநாள் கோவிந்தம்மா பஸ் ஏறிப் பொன்னேரிக்கு வந்தாள். அவள் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு கொண்டு வந்திருந்தாள். தேசப்பன் பாயை விரித்தான். உட்கார்ந்தாள். மருமகனிடம் நேராகப் பேசவில்லை. பேத்தியிடம் சொன்னாள்:

"வர்ற வியாழக்கிழம உங்க மாமனுக்குத் தெவசம். உங்க நைனாவயும் வரச்சொல்லு."

வியாழக்கிழமை காலையில் மூவரும் பஸ்ஸில் போய் இறங்கி, மணலில் நடந்து ஆற்றங்கரைக்கு வந்தார்கள். கோவிந்தம்மா தோணியோடு காத்திருந்தாள். வெயில் ஏறியிருந்தது. ஆற்றில் முன்போல் கூட்டமில்லை. கட்டையும் உப்பும் லாரியில் போகத் தொடங்கிவிட்டிருந்தன. கரையில் இரண்டு பெரிய தோணிகள் குப்புறக் கிடந்தன. செங்கம்மாளும் மகளும் ஏறினார்கள். தேசப்பன் தண்ணீரில் கணுக்கால் நனைய நின்றான், ஏறவில்லை. எட்டு வருஷமாக அவன் எந்தத் தோணியிலும் கால் வைத்ததில்லை. கோவிந்தம்மா கழியை ஊன்றிக்கொண்டு பொறுமையாக இருந்தாள். ஒருவரும் அவனை அழைக்கவில்லை. கடைசியில் அவனாக ஏறி உட்கார்ந்து, இரண்டு கையாலும் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டான்.

கூட்டுமுனை வந்ததும் கோவிந்தம்மா கழி போடுவதை நிறுத்தினாள். தோணி தானாக மிதந்தது. அவள் தண்ணீரைப் பார்த்தாள். தேசப்பன் குனிந்து, கையால் தண்ணீரை அள்ளிக் கண்களில் ஒற்றிக்கொண்டான். அவன் தோள்கள் குலுங்கின. செங்கம்மாள் கை நீட்டி அவன் முதுகைத் தொட்டாள். சவுக்குத் தோப்பில் நீட்ட முடியாமல் போன கை. எவ்வளவு நேரம் அப்படிப் போயிற்று என்று அவளுக்குத் தெரியவில்லை.

"தண்ணி ஏறுது" என்றாள் கோவிந்தம்மா. எட்டு வருஷத்துக்குப் பிறகு மருமகனிடம் அவள் நேராகப் பேசியது அப்போதுதான். "எனுக்குக் கை வலிக்குது. நீ புடி."

தேசப்பன் எழுந்து கழியை வாங்கினான். முதல் ஊன்றில் தோணி கோணிக்கொண்டு போயிற்று. இரண்டாவதில் நிமிர்ந்தது. கரையில் கங்கம்மாவின் வயசுப் பிள்ளைகள் ஓடிவந்து நின்றார்கள். கோவிந்தம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, படைக்க இன்னும் வாழையிலை வாங்கவில்லையே, யாரை அனுப்புவது என்று மகளிடம் கேட்டாள்.